பிள்ளைகளை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போவது எப்படி: புலம்பெயர்ந்த பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2016இல் முதன்முறை பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோது பதினெட்டு நாளில் முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினோம். மகனுக்கு அப்போது ஆறு வயது, மகளுக்கு இரண்டு. ரொறன்ரோ திரும்பிய பிறகு, யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் மகனைக் கேட்டிருக்கிறார்கள். "வானுக்குள்ளே இருந்தோம், இறங்கினால் பிஸ்கட் தந்தார்கள், பிறகும் வானுக்குள்ளே இருந்தோம்" என்றானாம். பிழை சொல்ல முடியாது. வாடகை வானுக்குள்ளிருந்து அவன் கண்டது அதுதான்.

2023இல் மறுபடி போனோம். இந்தமுறை வீடுகள் ஒன்பது. முதல் பயணத்தில் சறுக்கியதையும் இரண்டாவதில் சரிவந்ததையும், திட்டமிடத் தொடங்கும் நாளிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு பட்டியல் எழுதுங்கள்

ரிக்கெட் விலை பார்க்கும் முன்பே செய்யவேண்டியது இது. நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். படித்த பள்ளிக்கூடம், விட்டுவந்த வளவு, சாவுக்குப் போக முடியாமல் போன அப்பாவின் தம்பி வீடு, குலதெய்வம். மற்றத் தாளில் பிள்ளை ஊரில் என்ன செய்யப்போகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது தாள் வெறுமையாகத்தான் இருக்கும். "அம்மம்மாவைப் பார்க்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

எங்களுக்குள் ஒரு விதி வைத்தோம்: ஒரு நாளைக்கு எங்கள் பட்டியலில் இருந்து ஒரேயொரு விஷயம், அதுவும் காலை பத்து மணிக்கு முன்னர் அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பின்னர். நடுவிலுள்ள நேரம் பிள்ளைகளுடையது. வெயிலுக்கும் அதுதான் பொருத்தம்.

கணவன் மனைவி இருவருக்கும் வேறு வேறு ஊர் என்றால் நாட்களை இப்போதே பங்கு போடுங்கள். நான் வலிகாமம் வடக்கு, மனைவி வடமராட்சி. இடையில் ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. ஆனாலும் "உங்கட பக்கம் எத்தனை நாள், எங்கட பக்கம் எத்தனை நாள்" என்ற கணக்கை அங்கே போய்ச் சொந்தக்காரர் முன்னால் தொடங்கினால் பயணம் முடியும்வரை முடியாது.

எப்போது போவது

கனடா, ஐரோப்பா பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை யூலை, ஓகஸ்ட்தான். அப்போது யாழ்ப்பாணம் உலர்ந்து கிடக்கும், சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும், கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவத்தின் கடைசி மிச்சம் அகப்படலாம். நல்லூர் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவமும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். அதனால் தங்குமிடமும் வானும் கிடைப்பது கடினம். நல்லூருக்காகவே போகிறீர்கள் என்றால் அந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே ரிக்கெட் போடுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் போவோர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவேண்டும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். மழை தொடங்கினால் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், டெங்கும் கூடவே வரும். ஆனால் பொங்கல்வரை நிற்க முடிந்தால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழா கிடைக்கும். பிள்ளைகளோடு பார்க்க வடக்கில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

பலர் மறக்கும் இன்னொரு கணக்கு, அங்குள்ள பிள்ளைகளின் நாட்காட்டி. உங்கள் பிள்ளைக்கு விடுமுறை என்பதால் மச்சான் மச்சாள்மாருக்கும் விடுமுறை என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். ஒருவருக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்னொருவருக்கு ஏ.எல். பரீட்சை என்றால் அந்த வீட்டில் விளையாட்டே கிடையாது. முதல் பயணத்தில் எங்கள் மகன் ஒவ்வொரு பின்னேரமும் படலையடியில் காத்திருந்தான். ரிக்கெட் போடும் முன் அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.

கடதாசி வேலை

நாங்கள் பிறந்த நாட்டுக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைவதற்கு ஈ.ரி.ஏ. (இணையவழிப் பயண அனுமதி) எடுக்கவேண்டும். வழமையான சுற்றுலா அனுமதி 30 நாள். கட்டணமும் விதிகளும் அண்மைய வருடங்களில் பல தடவை மாறியிருக்கின்றன. ஆகையால் போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பாமல், இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அரச இணையத்தளத்தில் நேரே பார்த்து அங்கேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னுக்கு வரும். கடவுச்சீட்டு, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கவேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கு ஆயுள் குறைவு. எங்கள் மகளுடையது நாலு மாதத்தில் முடிய இருந்ததைக் கடைசி நேரத்தில்தான் கண்டோம்.

தமிழ்ப் பெயர் வைக்கும் முறையால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளையின் கடைசிப் பெயர் தகப்பனின் பெயர், தாயின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். தாய் மட்டும் பிள்ளைகளோடு விமானநிலையத்தில் நின்றால், "இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?" என்ற கேள்வி வரலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும், மற்றப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் கைப்பைக்குள் வைத்திருங்கள்.

அகதி அந்தஸ்தோடு இருந்து இன்னும் குடியுரிமை எடுக்காதவர்கள் ரிக்கெட் போட முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஊருக்குப் போனதே அந்த அந்தஸ்தை இழக்கக் காரணமாகலாம்.

உடம்பு சம்பந்தமானவை

பயண நாளுக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு முன் குடும்ப வைத்தியரிடம் போங்கள். ஈரல் அழற்சி ஏ, நெருப்புக் காய்ச்சல் (ரைபோயிட்) தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். தெருநாய்கள் நிறைய என்பதால் விசர்நாய்க்கடி பற்றியும் கேளுங்கள். மலேரியா குளிசை தேவையா என்று பலர் கேட்பார்கள். மலேரியா ஒழிக்கப்பட்ட நாடு என்று இலங்கைக்கு 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. பயப்படவேண்டியது டெங்குக்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், எனவே இரவு நுளம்புவலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டும்வரை வயதுக்கேற்ற அளவு பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம். டெங்காக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

தண்ணீரைப் பற்றி ஊர்க்காரரோடு வாதாட வேண்டிவரும். "எங்கட கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி" என்பார்கள். ருசி உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே தோட்டத்துக்குப் போடும் உரம் அதனூடாக நிலத்தடி நீருக்கு இலகுவில் இறங்கிவிடும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆகவே கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை ஒருபோதும் எடுக்காதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கும் குடிக்கப் போத்தல் தண்ணீர், குளிக்கக் கிணறு என்று வைத்துக்கொண்டோம். மாமியாருக்கு முதல் இரண்டு நாள் முகம் சுருங்கியது. பிறகு பழகிவிட்டார்.

வயிற்றோட்டம் வந்தால் எந்த மருந்துக்கடையிலும் 'ஜீவனி' (நீரிழப்பை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் தூள்) பக்கெட் வாங்கலாம். அவசரமென்றால் 1990, இலவச அம்புலன்ஸ், நாடு முழுவதும் ஓடுகிறது. இந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள். பொழுதுபட்ட பின் வளவுக்குள் இறங்கினால் சப்பாத்தும் ரோர்ச்சும் கட்டாயம், புடையன் பாம்பு உள்ள மண் அது. கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம் என்று போன முதல் மணித்தியாலத்திலேயே பாருங்கள். கட்டே இல்லாத தோட்டக் கிணறுகளும் பற்றை மூடிய கிணறுகளும் உண்டு.

போகமுன் வீட்டில்

பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம். அங்கே படித்தது "நான் பேசுகிறேன்". ஊரில் கேட்கப்போவது "என்ன கதைக்கிறியள்?" எங்கள் மகன் இதற்கே திகைத்துப்போனான், இது வேறு மொழியோ என்று கேட்டான். ஆகவே இலக்கணத்தை விடுங்கள். இருபது முப்பது சொல் போதும்: படலை, முற்றம், குசினி, கதிரை, வாளி, குழை, பாண், தேத்தண்ணி, வெளிக்கிடுவோம். எல்லாவற்றிலும் முக்கியமானது "காணும்" (போதும்) என்ற சொல். சாப்பாட்டுத் தட்டில் மூன்றாவது தடவை புட்டு விழும்போது அது தெரிந்திருக்கவேண்டும்.

முறை சொல்லிக் கூப்பிடுவதையும் படம் போட்டுக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் 'ஆன்ரி', 'அங்கிள்'. ஊரில் பெரியம்மா வேறு, மாமி வேறு, சித்தி வேறு, பிழைத்தால் சிரிப்பார்கள். வம்சாவளி வரைய நல்ல மூலம் உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும்: ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலர், நாங்கள் 'கல்வெட்டு' என்போமே, அதுதான். பெரும்பாலான கல்வெட்டில் பேரன் பூட்டன்வரை வம்சவிளக்கம் அச்சாகியிருக்கும். வீட்டில் இல்லையென்றால் நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகளோடு இப்படியான நினைவு மலர்களும் அங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மகன் ஒரு நீளத் தாளில் ஐந்து தலைமுறை வரைந்தான். அதை ஊருக்குக் கொண்டுபோனது எவ்வளவு உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

குந்தியிருக்கும் கக்கூசைப் பற்றியும் முன்னரே சொல்லிவிடுங்கள். வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னால் அங்கே அழுகை இல்லை.

எந்த வழியால் போவது

கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கினால் யாழ்ப்பாணம் இன்னும் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இறங்கிய கையோடு வானில் ஏறி எட்டு மணித்தியாலம் ஓடுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள். விமானக் களைப்போடு வளைந்தோடும் வானுக்குள் வாந்தி நிச்சயம். ஒரு இரவு நீர்கொழும்பிலோ வெள்ளவத்தையிலோ நித்திரை கொண்டு, அடுத்த நாள் வெளிக்கிடுங்கள்.

ரயில் ஓடினால் ரயில்தான். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைவரை போகும் யாழ்தேவி 1956இல் தொடங்கியது. 1990இல் போரால் நின்று, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை திரும்ப வந்தது. அந்த ஆனையிறவுக் கரையில் ரயில் போகும்போது எங்கள் வயதுக்காரர் எவரும் யன்னலைவிட்டுக் கண்ணெடுக்கமாட்டார். பிள்ளைகளுக்கு எழுந்து நடக்க இடம், வடை விற்பவர், திறந்த கதவு (அதில் ஒரு கண் வையுங்கள்). இருக்கைகளை முற்பதிவு செய்யுங்கள், விடுமுறைக் காலத்தில் விரைவில் முடிந்துவிடும். வெள்ளம், திருத்த வேலை என்று வடக்குப் பாதை இடைக்கிடை மூடப்படுவதும் உண்டு. அன்றைய நிலையைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

வானில் போவதென்றால் வவுனியாவுக்கு முன் அநுராதபுரத்தில் ஒரு நீண்ட ஓய்வு எடுங்கள். வாடகை வான்களில் பிள்ளை இருக்கை கிடையாது, பின் சீட்டில் இருக்கைப் பட்டி வேலை செய்யுமா என்பதும் சந்தேகம். காற்றடைத்து மடிக்கக்கூடிய பூஸ்ரர் இருக்கையைக் கொண்டுபோங்கள். பட்டி வேலை செய்யும் வான் வேண்டும் என்று முன்பணம் கொடுக்க முன் கேளுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி சென்னை. யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து சிறிய விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் சென்னையில் வெளியே வந்து மாறுவதானால் இந்திய விசாவும் எடுக்கவேண்டும், சிறிய விமானத்தில் பொதி அளவும் குறைவு. சொந்தக்காரருக்கென்று ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டுபவர்களுக்கு இது சரிவராது.

எங்கே தங்குவது

முழுக்கச் சொந்தக்காரர் வீட்டிலும் வேண்டாம், முழுக்க விடுதியிலும் வேண்டாம். முழுக்க வீட்டில் நின்றால் பிள்ளைக்குக் கதவு சாத்திக்கொண்டு அழ ஒரு அறை இருக்காது. முழுக்க விடுதியில் நின்றால் ஊருக்குப் போனதாகவே இருக்காது. நாங்கள் முதல் மூன்று இரவு யாழ்ப்பாண நகரில் குளிரூட்டி உள்ள ஒரு சிறு விடுதி, பிறகு பத்து நாள் மாமியார் வீடு என்று பிரித்தோம். "வீடு இருக்க ஹோட்டலோ?" என்று கேட்பார்கள். பிள்ளைக்கு நேரமாற்றத்தில் நித்திரை வராமல் இரவு கத்தும், உங்களைக் குழப்பக்கூடாது என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம், லண்டனுக்கு நாலரை. கனடாப் பிள்ளைக்குப் பகல் அப்படியே இரவாகிவிடும்.

அந்த விழிப்பைப் பயன்படுத்துங்கள். விடிய நாலு மணிக்கு விழித்த பிள்ளைகளைத் திட்டிப் படுக்க வைக்காமல், ஐந்தரைக்கு வெளியே கூட்டிப்போனோம். கோவில் மணி கேட்கும், பால்காரர் சைக்கிளில் வருவார், கடற்கரையில் வள்ளங்கள் கரைசேரும், வெயிலும் இல்லை. எங்கள் பயணத்தின் நல்ல படங்கள் எல்லாம் காலை ஏழு மணிக்கு முன் எடுத்தவை.

பிள்ளைக்கு ஒரு வேலை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். விருந்தாளியாகப் போகும் பிள்ளைக்குக் கதிரை கொடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், ரீவி போட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் அது கைபேசிக்குள் போய்விடும். வேலை செய்யும் பிள்ளைக்கு வீடு சொந்தமாகிவிடும்.

மாமியார் வீட்டில் சினையாட்டுக்குக் குழை கட்டுவது மகளின் வேலை. காலையும் பின்னேரமும் பூவரசங்குழை ஒடித்து வேலியில் கட்டவேண்டும். முதல் நாள் ஆடு முட்டியது, மகள் அழுதாள். நாலாம் நாள் ஆட்டுக்குப் பெயர் வைத்துவிட்டாள். அவளை எழுப்ப யாரும் தேவைப்படவில்லை. மகனுக்குப் பதின்மூன்று வயது, ஆடு அவன் தரத்துக்குக் காணாது. அவனிடம் அந்த வம்சாவளித் தாளைக் கொடுத்து, போகும் வீடெல்லாம் ஒவ்வொரு முதியவரிடமும் மூன்று கேள்வி கேட்டுக் கைபேசியில் பதிவுசெய்யச் சொன்னோம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள், யாரிடம் கூட அடி வாங்கினீர்கள், இந்தத் தாளில் யார் விடுபட்டிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் வீடே திரண்டு வரும். "உதில அவன்ர பேர் இல்லையே! எழுது தம்பி" என்று ஆளுக்கு ஆள் சொல்லி, தாளில் பத்தொன்பது பெயர் கூடியது. அவனுடைய தமிழ் கொச்சை என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலையாக வந்தவனை யார் பரீட்சிப்பார்கள்?

சொந்தக்காரர்

முப்பத்தொரு வீட்டை ஒன்பதாகக் குறைத்தது இப்படித்தான். போய்ச் சேர்ந்த ஆறாவது நாள், மாமியார் வீட்டு முற்றத்தில் ஒரு மதியச் சாப்பாடு வைத்தோம். எல்லாரையும் ரெலிபோன் எடுத்துச் சொன்னோம். வட்ஸ்அப்பில் செய்தி போட்டால் அது அழைப்பில்லை, அதற்கு வரவும்மாட்டார்கள். ஐம்பது பேர்வரை வந்தார்கள். பிள்ளைகள் பிள்ளைகளோடு ஓடிப்போனார்கள். வீடு தேடிப் போகவேண்டியவர்கள் மூன்று வகைதான்: நடக்க ஏலாத முதியவர்கள், நாங்கள் இல்லாத காலத்தில் சாவு நடந்த வீடு, ஏதோ ஒரு காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டவர்கள்.

நிறம், உடம்பு பற்றிய பேச்சு வரும். "பிள்ளை கறுத்துப்போச்சுது", "என்ன, குண்டாய் வந்திட்டாள்" என்பதெல்லாம் அங்கே சுகம் விசாரிப்பு. வளரிளம் பெண்பிள்ளைக்கு அது அப்படி விழாது. பிள்ளைக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள், நெருங்கிய ஒரு மாமியையோ சித்தியையோ பிடித்து, மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கும்படியும் கேளுங்கள். நாங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

கொண்டுபோகும் பொருட்களில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே பொருளைக் கொடுங்கள். சொக்லேட் உருகும். பெரியவர்களுக்குக் கோடாலித் தைலம் இன்றும் செல்லுபடியாகிறது, ஏனென்று எனக்கு விளங்குவதில்லை. அங்குள்ள கடையிலேயே தைலம் இருக்கிறது.

எங்கெங்கே போகலாம்

பத்து நாளில் ஐந்து இடம் போதும். எங்கள் தெரிவு இவை.

நயினாதீவு. புங்குடுதீவுப் பாலத்தால் குறிகட்டுவான்வரை வாகனம், அங்கிருந்து படகில் இருபது நிமிடமளவு. நாகபூசணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் ஒரே தீவில். பிள்ளைகளுக்குக் கோவிலைவிடப் படகுதான் பெரிது. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், நெருக்கியடிக்கும் திருவிழா நாளில் போகாதீர்கள்.

நெடுந்தீவு. அதே துறைமுகத்திலிருந்து இன்னும் நீண்ட கடல் ஓட்டம். கட்டாக்காலிக் குதிரைகள், முருகைக்கல் (பவளக்கல்) வேலிகள், ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெருக்குமரம். ஏழு வயதுக்கு மேல் என்றால் கட்டாயம் போங்கள். சோளகம் பலமாக அடிக்கும் நாளில் வேண்டாம், திரும்பும் படகு நேரத்தை ஏறும்போதே கேட்டுவையுங்கள்.

கீரிமலைக் கேணி. கடலுக்கு அருகே நன்னீர் ஊற்று. நீந்தத் தெரிந்த பிள்ளைக்குச் சொர்க்கம். ஆடி அமாவாசை போன்ற நாட்களில் பிதிர்க்கடன் செய்வோர் கூட்டம் நிறையும், அந்த நாளைத் தவிருங்கள். நீந்தத் தெரியாத சின்னவர்களுக்குக் காரைநகர் கசூரினாக் கடற்கரை நல்லது, கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லை.

நல்லூர். ஆண்பிள்ளைகள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் மகன் வாசலில் மறுத்து நின்றான், பிறகு சுற்றிவர எல்லாரும் அப்படித்தான் என்று கண்டு கழற்றினான். பூசைகள் மணி தவறுவதில்லை, ஐந்து நிமிடம் பிந்தினால் தவறவிடுவீர்கள். வெளியே வந்தால் ஐஸ்கிறீம் கடைகள்.

யாழ்ப்பாணக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்ட, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டியது. பின்னேரம் ஐந்து மணிக்கு மதிலில் ஏறினால் கடல் காற்று. மத்தியானத்தில் போனால் அடுப்பு.

திரும்பும் வழியில் கடற்கரை வேண்டுமானால், யூலை ஓகஸ்டில் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கடல் அமைதி. அந்த மாதங்களில் தென்மேற்குக் கரை குமுறும். சுற்றுலாப் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் நீச்சல்தடாக விடுதியைக் காட்டிவிட்டுப் பிறகு ஊருக்குக் கொண்டுபோனால் "எப்போது திரும்பிப் போவோம்?" என்ற கேள்வி ஓயாது.

போரைப் பற்றிக் கேட்டால்

கேட்பார்கள். சன்னம் துளைத்த சுவர், கூரையில்லாத வீடு, காவலரண் எல்லாம் வழியில் வரும். நாங்கள் தொடங்கிய இடம் யாழ் பொது நூலகம். 1981 யூன் முதலாம் திகதி எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. புத்தகத்தை எரித்தார்கள் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வெள்ளைக் கட்டடமாகத் திரும்ப எழுந்து, உள்ளே பிள்ளைகள் இருந்து படிப்பதையும் அதே கண்ணால் பார்க்கலாம். மற்றதை அவர்கள் கேட்ட அளவுக்குச் சொன்னோம். பதின்மூன்று வயதுக்காரன் நிறையக் கேட்டான், இரவில் கேட்டான். முள்ளிவாய்க்காலுக்கு அவனை மட்டும் கூட்டிப்போனேன்.

கண்ணிவெடி அகற்றும் வேலை முகமாலை போன்ற இடங்களில் நெடுங்காலம் நடந்த மண் அது. மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகை கண்டால் நில்லுங்கள், ஒற்றையடிப் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம், நிலத்தில் கிடக்கும் இரும்பைத் தொட வேண்டாம் என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

விட்டுவந்த வளவு

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் காணி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய், நெடுங்காலத்துக்குப் பின்தான் விடுபட்டது. 2023இல் அதைப் பார்க்க முதலில் நான் தனியப் போனேன். அத்திவாரம், கிணறு, வேலியோரம் அப்பா நட்ட இரண்டு பனை. அங்கே நின்று செய்யவேண்டியதை எல்லாம் தனியச் செய்து முடித்தேன். மூன்று நாள் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது எனக்கு வாய்விட்டுக் கதை சொல்ல முடிந்தது. தகப்பன் அழுவதைக் காண்பது பிள்ளைக்குக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் பிள்ளையின் முதல் நினைவு அதுவாகவே நின்றுவிடும். மகன் அத்திவாரத்தின் அறைகளைக் காலடியால் அளந்து படம் கீறினான். "இது குசினி, இது நீங்கள் படுத்த இடம்" என்று எனக்கே காட்டினான்.

வீட்டில் வேறு குடும்பம் இருந்தால் முன்னரே ஆள் விட்டுக் கேளுங்கள். திடீரென்று போய்ப் படலையில் நின்றால், காணி பிடிக்க வந்ததாகத்தான் நினைப்பார்கள்.

அதேபோல் உறுதி, எல்லை, பங்கு, நொத்தாரிசு என்ற காணி அலுவல் எதையும் இந்தப் பயணத்தில் செருகாதீர்கள். "போற கையோட அதையும் முடிச்சிட்டு வா" என்று அண்ணன்மார் சொல்வார்கள். அது கையோடு முடியாது. முதல் பயணத்தில் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) சட்டத்தரணி வீட்டுக்குமாக நாலு முழு நாள் போனது; பிள்ளைகள் வானுக்குள் இருந்ததில் பாதி அதனால்தான். அதற்கென்று வேறொரு தடவை தனியப் போங்கள்.

திரும்பும்போது

ஊர்மண் ஒரு பிடி எடுத்து வர ஆசை வரும். கனடாவுக்குள் மண் கொண்டுவரத் தடை, பல நாடுகளிலும் அப்படித்தான். முருகைக்கல்லை இலங்கையிலிருந்து வெளியே கொண்டுபோகவும் கூடாது. மிளகாய்த்தூள், ஒடியல் எல்லாம் பொதிசெய்து பெயர் ஒட்டியதாக இருக்கட்டும், படிவத்தில் எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் தொடங்க நாலு நாளாவது இடைவெளி வைத்துத் திரும்புங்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவில் காலை ஒன்பது, அங்கே மாலை ஆறரை, அம்மம்மாவுக்கு அழைப்பு எடுக்கப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் குசினிக்குள் போய்விடுங்கள். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் அந்த அழைப்பு "சாப்பிட்டனியே?", "ஓம்" என்பதோடு முடியும். அந்த ஞாயிறு மகள் கேட்டது, "அம்மம்மா, ஆடு குட்டி போட்டுட்டுதோ?"

ரெண்டு போட்டதாம். ஒன்று கறுப்பு. அழைப்பு நாற்பது நிமிடம் ஓடியது.